மலிவான சேகரிப்புப் பொருட்களை ஒன்லைன் ஏலத்தில் விற்க முன்: மட்டக்களப்பு, அம்பாறைக்காரருக்கான முழுமையான வழிகாட்டி

பழைய முத்திரை, முதல்நாள் உறை (புதிய முத்திரை வெளிவந்த அன்றே அதை ஒட்டித் தபால் குறி குத்திய உறை), படத் தபாலட்டை, சதுர வடிவ 5 சதம், தொண்ணூறுகளின் தொலைபேசி அட்டை, சினிமாப் பாட்டுப் புத்தகம். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் இப்படி ஏதாவது கிடக்காத அலுமாரி குறைவு. 1978 சூறாவளியும் 2004 கடல்கோளும் எங்கள் கரையோர வீடுகளிலிருந்து எவ்வளவோ கடதாசிகளைக் கொண்டுபோய்விட்டன. தப்பியதைப் பத்திரமாக வைத்திருப்பவரிடம் விற்கத்தக்க சாமான் இருக்கிறது. ஈபே போன்ற ஏலத் தளங்களிலும் பேஸ்புக் ஏலக் குழுக்களிலும் வாங்க ஆட்களும் இருக்கிறார்கள்.

சிக்கல் விலையில் இருக்கிறது. ‘இது மூன்று டொலருக்குப் போயிருக்கிறது, அப்ப எனக்குத் தொள்ளாயிரம் ரூபா’ என்று நினைத்து இறங்குகிறவர் கொஞ்ச நாளில் களைத்துப்போய் நிறுத்திவிடுகிறார். ஒரு பொதிக்கு ஆகும் செலவில் பெரும்பகுதி, சாமான் மூன்று டொலருக்குப் போனாலும் முப்பது டொலருக்குப் போனாலும் ஒரே அளவுதான். விலை குறையக் குறைய அந்தச் செலவு இலாபத்துக்குள் வாய் வைக்கும். அதனால் ஏலத்தில் போட முன்னரே கணக்கை முடித்துவிட வேண்டும். எந்த ஒழுங்கில் அதைச் செய்வது என்று கீழே சொல்கிறேன்.

முதலாவது: விற்கவே கூடாததைப் பிரித்து வையுங்கள்

இதை முதலில் சொல்வதற்குக் காரணம், இங்கே நடக்கும் பிழைக்கு விலை கட்டணமாக வராமல் வழக்காக வரும் என்பதுதான்.

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட பொருள் தொல்பொருள். தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. எங்கள் பகுதியில் இது வெறும் ஏட்டுச் சட்டமல்ல. மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்கள், 1638இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். அந்தக் காலத்துச் செப்புக் காசுகள், ஒல்லாந்தக் கம்பனியின் ‘வீஓசி’ எழுத்துக்கள் பின்னிய சின்னம் போட்டவை, வளவு கொத்தும்போதும் கிணறு வெட்டும்போதும் வெளியே வருவதுண்டு. ஈபேயில் இதே காசு இரண்டு மூன்று டொலருக்குக் கிடக்கிறது, எனவே இதுவும் மலிவுச் சாமான்தானே என்று தோன்றும். நெதர்லாந்தில் இருக்கிற ஒருவர் தன்னிடமுள்ளதை விற்பது வேறு விஷயம். இலங்கை மண்ணிலிருந்து எடுத்தது கண்டெடுத்தவருக்குச் சொந்தமில்லை, அது அரசின் சொத்து. தபாலில் போடுவது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ஏட்டுச்சுவடிகளும் அப்படித்தான். பண்பாட்டுச் சொத்துகள் பற்றிய 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டமும் இவற்றின் ஏற்றுமதிக்கு அனுமதி கேட்கிறது. மந்திர ஏடு, வைத்திய ஏடு, கண்ணகி வழிபாட்டு ஏடு எதுவானாலும் சில டொலருக்காக வெளியே அனுப்பாதீர்கள். நூலகம் நிறுவனம் சுவடிகளை எண்ணிமப்படுத்திப் பாதுகாக்கும் வேலையைச் செய்கிறது. அவர்களிடம் காட்டினால் ஏடு உங்கள் வீட்டிலேயே இருக்கும், உள்ளே இருப்பது ஊருக்கும் கிடைக்கும்.

கடற்கரைச் சாமான்களிலும் கவனம் தேவை. பாசிக்குடாவில் பொறுக்கிய பவளப்பாறைத் துண்டு அழகாக இருக்கலாம். ஆனால் அருகிவரும் உயிரினங்களின் நாடு கடந்த வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் கற்பவளங்கள் இருக்கின்றன. யானைத் தந்தம் சேர்ந்த எதுவும், ஒரு சிறு பொத்தானாக இருந்தாலும், வேண்டாம்.

இரண்டாவது: கேட்ட விலையை விட்டு, விற்ற விலையைப் பாருங்கள்

ஈபேயில் ஒரு சாமானைத் தேடினால் முதலில் வருவது விற்பவர்கள் கேட்கும் விலை. அதில் ஐம்பது டொலர் போட்டு நான்கு வருடமாக விற்காமல் கிடப்பதும் இருக்கும். தேடலை வடிகட்டும் இடத்தில் ‘விற்றவை’ என்ற தெரிவு இருக்கிறது. அதைப் போட்டால்தான் உண்மையில் யார் என்ன கொடுத்தார்கள் என்று தெரியும். 1976 அணிசேரா நாடுகள் மாநாட்டுக்கு வெளிவந்த பத்துக் கோண 5 ரூபாக் குற்றியை இரண்டு விதமாகவும் தேடிப் பாருங்கள், வித்தியாசம் உடனே விளங்கும்.

முத்திரைப் பட்டியல் விலையை நம்புவதும் இதே தவறு. பிரித்தானிய முத்திரை வணிகர்களான ஸ்டான்லி கிப்பன்ஸின் பட்டியலில் ஒரு சாதாரண முத்திரைக்குப் போட்டிருக்கும் ஆகக் குறைந்த விலை முத்திரையின் மதிப்பைக் குறிப்பதில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். வணிகர் அதைத் தேடி எடுத்து, உறையில் போட்டுத் தருவதற்கான கைக்கூலி அது. மலிவான சாமானில் விலை என்பதே பெரும்பாலும் வேலைக்கூலிதான். நூற்றைம்பது வருடத்துக்கு மேலாக இந்த வியாபாரத்தில் இருப்பவர்களின் பட்டியலே அப்படிச் சொல்லும்போது, நாங்களும் எங்கள் நேரத்துக்கு விலை போடாமல் இருக்கக் கூடாது.

‘இந்தப் பழைய குற்றி உங்களிடம் இருந்தால் இலட்சக்கணக்கில் வாங்குவோம்’ என்று யூடியூபிலும் வட்ஸ்அப்பிலும் வருவதைப் பார்த்திருப்பீர்கள். தொடர்புகொண்டால், பதிவுக் கட்டணம், வரி, காப்புறுதி என்று முதலில் உங்களிடம் காசு கேட்பார்கள். வாங்குகிறவர் விற்கிறவரிடம் முற்பணம் கேட்டால் அது களவு. ஒரு சதமும் அனுப்பாதீர்கள், வீட்டில் பெரியவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

குற்றிகளைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குகிற பழக்கம் எங்கள் வீடுகளில் இருக்கிறது. குத்துவிளக்குக்கு அது சரி. சேகரிப்பவர் ஒருவர் தேய்த்த குற்றியைப் பார்த்தவுடனே அரைவாசி விலையும் தரமாட்டார். அழுக்கோடு விடுங்கள்.

மூன்றாவது: தளம் எதிலிருந்து வெட்டுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஈபே பெரும்பாலான பிரிவுகளில் 13 சதவீதத்துக்குச் சற்று மேலே கட்டணம் எடுக்கிறது. பிரிவுக்குப் பிரிவு வேறுபடும், காலத்துக்குக் காலம் மாறும், எனவே உங்கள் பிரிவின் விகிதத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். இதை எல்லோரும் கணக்கில் எடுப்பார்கள். தவறவிடுவது இதன் பின்னால் இருப்பவற்றைத்தான்.

அந்தச் சதவீதம் சாமானின் விலையில் மட்டும் வெட்டப்படுவதில்லை. வாங்கியவர் கட்டிய மொத்தத் தொகையில், அதாவது விலையோடு தபால் செலவும் அவருடைய நாட்டு வரியும் சேர்த்து, அந்த முழுத் தொகையில் வெட்டுகிறார்கள். தபாலுக்கென்று வாங்கிய காசிலும், உங்கள் கைக்கு வரவே வராத வரிக் காசிலும் நீங்கள் கட்டணம் கட்டுகிறீர்கள். மூன்று டொலர் சாமானுக்கு நாலு டொலர் தபால் என்றால், கட்டணத்தின் பெரும்பங்கு தபாலுக்குத்தான் போகிறது.

அதற்கு மேல் ஒவ்வொரு கட்டளைக்கும் (ஓர்டருக்கும்) ஒரு நிலையான கட்டணம் உண்டு. மொத்தம் 10 டொலர் வரை 30 சதம், அதற்கு மேல் 40 சதம். நூறு டொலர் சாமானில் 40 சதம் ஒரு பொருட்டில்லை. மூன்று டொலர் சாமானில் 30 சதம் என்பது பத்திலொரு பங்கு. எல்லை கடந்த விற்பனைக்கு இன்னொரு சிறு விகிதமும் சேரலாம். மாதத்துக்கு இலவசமாகத் தரும் எண்ணிக்கையைத் தாண்டிப் போட்டால், விற்றாலும் விற்காவிட்டாலும் ஒவ்வொன்றுக்கும் பதிவுக் கட்டணம் விழும். ‘விளம்பரப்படுத்து’ என்ற பொத்தானை மலிவுச் சாமானுக்கு அழுத்தாதீர்கள், இருக்கிற கொஞ்சமும் அதில் போய்விடும்.

நான்காவது: காசு ஊருக்கு வந்து சேரும் வழி

இலங்கையிலிருந்து ஈபேயில் விற்கும் காசு பேயோனியர் என்ற ஒன்லைன் கொடுப்பனவுச் சேவையில் உங்கள் கணக்குக்கு வரும், அங்கிருந்து உங்கள் வங்கிக்கு மாற்றிக்கொள்வீர்கள். மாற்றும்போது ஒரு விகிதம் வெட்டப்படும். நாணய மாற்று விகிதமும் வங்கிப் பலகையில் பார்க்கும் விகிதமும் ஒன்றாக இருக்காது. இரண்டையும் சேர்த்து 3 சதவீதம் போகும் என்று வைத்துக் கணக்குப் போடுவது பாதுகாப்பு.

சிறு விற்பனையாளரை உண்மையில் அடிப்பது இன்னொன்று. ஒரு வருடத்தில் குறிப்பிட்ட தொகைக்குக் குறைவாகக் காசு வந்தால் பேயோனியர் ஏறக்குறைய 30 டொலர் ஆண்டுக் கட்டணம் எடுக்கும். நிறைய விற்கிறவருக்கு இந்தக் கட்டணம் இல்லை. மாதம் நான்கு உறை விற்கிறவருக்குத்தான் இது விழும். கணக்கைத் திறக்க முன் கட்டணப் பக்கத்தை வாசித்து அந்த எல்லை எவ்வளவு என்று பாருங்கள். வருடத்தில் அதை எட்டமாட்டீர்கள் என்றால், அந்த 30 டொலரையும் உங்கள் செலவுக் கொப்பியில் முதல் நாளே எழுதுங்கள். ஊரில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து, நம்பிக்கையான ஒருவரின் கணக்கில் விற்றுப் பங்கு பிரிப்பது இதற்கு ஒரு நல்ல வழி. அப்படிச் செய்தால் யாருடைய சாமான் எது, எவ்வளவுக்குப் போனது என்று எழுத்தில் இருக்கட்டும்.

புதிதாகத் தொடங்குபவரின் காசைத் தளம் சில வாரம் பிடித்துவைக்கும். முதல் சில விற்பனைகளின் தபால் செலவு உங்கள் சட்டைப் பையிலிருந்துதான் போகும். அதற்குக் கையில் கொஞ்சம் காசு வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

ஐந்தாவது: தபால் கந்தோரில்

வெளிநாட்டுக்குச் சாமான் அனுப்பும்போது உறைக்குள் ஒரே ஒரு முத்திரை இருந்தாலும் அது கடிதமில்லை, பொருள். சிஎன்22 என்ற சுங்கப் படிவம் நிரப்பி ஒட்ட வேண்டும். என்ன பொருள், எத்தனை, நிறை, பெறுமதி எல்லாம் அதில் இருக்க வேண்டும். “உள்ளுக்கு என்ன தம்பி?” என்று கவுண்டரில் கேட்பார்கள். “பழைய முத்திரை ஐயா, சேகரிப்புக்கு” என்று உள்ளதைச் சொல்லுங்கள். ‘அன்பளிப்பு’ என்று எழுதச் சொல்லி வாங்குபவரே சில நேரம் கேட்பார். எழுதாதீர்கள். விற்ற சாமானை அன்பளிப்பு என்று காட்டுவது பொய்ச் சுங்கப் பிரகடனம். பொதி பிடிபட்டால் சாமானும் போகும், தளத்தில் உங்கள் பெயரும் போகும்.

குற்றியும் நாணயத்தாளும் விற்பவருக்கு இன்னொரு செலவு. உலகத் தபால் ஒன்றிய விதிப்படி காசும் நோட்டும் சாதாரணத் தபாலில் போகக் கூடாது. பதிவுத்தபாலிலோ காப்புறுதி செய்தோ, அதுவும் இரு நாட்டு விதிகளும் இடம் கொடுத்தால் மட்டுமே அனுப்பலாம். ஆகவே இரண்டு டொலர்க் குற்றிக்கு மலிவான தபால் என்று ஒன்றே கிடையாது. முத்திரைக்கும் தபாலட்டைக்கும் இந்தத் தடையில்லை, எங்களைப் போன்ற சிறு விற்பனையாளருக்கு அவை தோதானவை என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

வாங்குபவரின் நாட்டில் என்ன நடக்கிறது என்பதும் உங்கள் செலவாக முடியலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை 1 முதல் 22 யூரோவுக்குக் குறைந்த பொதிகளுக்கு இருந்த பெறுமதி சேர் வரி விலக்கை எடுத்துவிட்டது. பிரித்தானியா அதே வருடம் ஜனவரியில் 15 பவுண் விலக்கை எடுத்தது. அமெரிக்கா 2025 ஓகஸ்ட் 29இல், 800 டொலர் வரையான பொதிகளுக்கு இருந்த தீர்வை விலக்கை நிறுத்தியது. அதையொட்டிப் பல நாடுகளின் தபால் சேவைகள் அமெரிக்காவுக்கான பொருட்பொதிகளைச் சிலகாலம் ஏற்காமலே விட்டன. வாங்குபவர் வரி கட்ட மறுத்தால் பொதி திரும்பி வரும் அல்லது அங்கேயே அழிக்கப்படும், காசைத் திருப்பிக் கேட்பது உங்களிடம். அதனால் ஏலத்தில் போடுகிற வாரமே, நீங்கள் அனுப்பப்போகும் நாட்டுக்கு இப்போது எந்தச் சேவை நடக்கிறது, விலை என்ன என்று கந்தோரில் கேட்டுவிட்டுப் போடுங்கள். கேட்காமல் போன வருட விலையைப் போடுவதுபோல நட்டம் தருவது வேறில்லை.

வாரத்துக்கு ஒரு நாளைத் தபால் நாளாக வைத்து எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் அனுப்புங்கள். திருக்கோவிலிலிருந்தோ வாகரையிலிருந்தோ ஒவ்வொரு உறைக்கும் தனித்தனியாக பஸ் ஏறினால் இலாபம் பஸ்ஸிலேயே முடிந்துவிடும். போயா தினங்களையும் பொது விடுமுறைகளையும் கணக்கில் எடுத்து, அனுப்பும் அவகாசத்தை 5 வேலைநாள் என்று போட்டுவைத்தால் தாமதக் குற்றச்சாட்டு வராது.

ஆறாவது: பொதி செய்வது

இந்த வேலையில் நேரம் செலவழிப்பது வீணில்லை, ஏனென்றால் எங்கள் காலநிலை அப்படி. கார்த்திகை மாரி தொடங்கியதிலிருந்து மாசி வரைக்கும் வாவியோரத்து வீடுகளில் சுவரே வியர்க்கும். பின்பக்கப் பசை உள்ள பாவிக்காத முத்திரை ஒரு இரவில் அல்பத்தோடு ஒட்டிப்போகும். பழுப்புப் புள்ளி விழுந்த உறை பாதி விலைக்கும் போகாது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கடதாசி நன்றாகக் காய்ந்திருக்கும். ஸ்கேன் எடுப்பதையும் பொதி செய்வதையும் முடிந்தவரை அந்த மாதங்களிலேயே செய்து, காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்துவிடுங்கள்.

ஒரு முதல்நாள் உறையை இப்படிக் கட்டுவேன். முதலில் உறையை அதன் அளவுக்கான தெளிவான பொலிப்ரொப்பிலீன் உறைக்குள் நுழைப்பேன். கடையில் கிடைக்கும் மெதுமெதுப்பான, மணம் வரும் பிவிசி உறை வேண்டாம். அது கடதாசியைக் கெடுக்கும், குற்றியில் பச்சைப் பிசின் பிடிக்க வைக்கும். பிறகு உறையைவிட நான்கு பக்கமும் ஒரு விரல் அகலம் கூடுதலாக இரண்டு காட்போட் மட்டை வெட்டுவேன். ஒன்றின் வரிகள் நீளவாக்கிலும் மற்றதின் வரிகள் குறுக்காகவும் இருக்கவேண்டும், அப்போதுதான் எந்தப் பக்கமும் மடியாது. உறையை மட்டையில் ஒட்டாமல், கடதாசி முக்கோணம் நாலு செய்து மூலைகளைப் பிடிப்பேன். செலோடேப்பை மட்டைகளின் ஓரத்தில் மட்டும், நுனியை மடித்து ஒட்டுவேன். வாங்கியவர் கத்தி இல்லாமல் திறக்க அது உதவும், கத்தி பட்டுக் கிழிந்ததென்று காசு திருப்பிக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டு மூடி, கடைசியில் வெளி உறை. பிஸ்கட் பெட்டி, தேயிலைப் பெட்டி மட்டைகளைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கினால் மட்டைச் செலவு இல்லை. ஆனால் உள் உறையும் வெளி உறையும் டேப்பும் காசுதான், அதை எழுதாமல் விடுகிறவர்கள் மிக அதிகம்.

ஏழாவது: ஒரு உறையின் முழுக் கணக்கு

இப்போது எல்லாவற்றையும் ஒன்றாக வைப்போம். டொலர் 300 ரூபா, கட்டணம் 13 சதவீதம் என்று எடுக்கிறேன். ரூபாச் செலவுகள் கணக்கு விளங்குவதற்காக நான் போட்டவை. உங்கள் தொகைகளை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

லண்டனில் ஒருவர் உங்கள் முதல்நாள் உறையை 3 டொலருக்கு ஏலத்தில் எடுக்கிறார், தபாலுக்கு 4 டொலர். அங்கத்தைய பெறுமதி சேர் வரி 20 சதவீதம், 1.40 டொலர். அவர் கட்டுவது 8.40.

- தளக் கட்டணம் 8.40இல் 13 சதவீதம்: 1.09
- கட்டளைக்கான நிலையான கட்டணம்: 0.30
- 7.00இல் மிஞ்சுவது: 5.61
- காசு மாற்றும்போது 3 சதவீதம் போக: 5.44, அதாவது 1,632 ரூபா
- பதிவுத்தபால் 900, பொதிச் சாமான் 110, போக்குவரத்து 150, உறையை நீங்கள் வாங்கிய விலை 200
- கையில்: 272 ரூபா

மூன்று டொலர் என்று திரையில் பார்த்த தொள்ளாயிரம் ரூபாவின் கதை இதுதான். இரண்டு பக்கமும் ஸ்கேன் எடுத்து, விவரம் எழுதி, கேள்விக்குப் பதில் சொல்லி, கட்டி, படிவம் நிரப்பி, வரிசையில் நின்று முடிக்க ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாது. அந்த மணித்தியாலத்துக்குத்தான் 272 ரூபா.

அந்த ஆண்டுக் கட்டணத்தை இதன்மேல் வையுங்கள். 30 டொலர் என்றால் 9,000 ரூபா. 272ஆல் பிரித்தால் வருடத்தின் முதல் முப்பத்துமூன்று உறைகள் கணக்கை வைத்திருப்பதற்கே சரி. இனி ஒரு உறை தபாலில் காணாமல் போகிறது என்று வையுங்கள். காசைத் திருப்பிக் கொடுப்பீர்கள். தபால், பொதி, பயணம், உறையின் விலை 1,360 ரூபா போனது போனதுதான். திருப்பிக் கொடுத்தாலும் அந்த 30 சதம் உங்களுக்குத் திரும்பாது, அது 90 ரூபா. ஆக 1,450. ஒன்று தொலைந்தால் நன்றாகப் போய்ச் சேர்ந்த ஐந்து உறைகளின் உழைப்பு அதோடு போகிறது.

எட்டாவது: கட்டாக விற்றுவிடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். பத்து உறைகளை ஒரே கட்டாக ஏலத்தில் விடுங்கள்.

தனித்தனியாக 30 டொலருக்குப் போகவேண்டியவை கட்டாகப் போகும்போது 22க்குத்தான் போகின்றன என்று வைப்போம். தபால் 6 டொலர். வரி 5.60 சேர்த்து வாங்குபவர் கட்டுவது 33.60. கட்டணம் 4.37, நிலையான கட்டணம் 0.40. மிஞ்சும் 23.23 டொலர் மாற்றியபின் 22.53 ஆகும், 6,759 ரூபா. தபால் 1,400, பொதி 200, பயணம் 150, உறைகளின் விலை 2,000 கழித்தால் 3,009 ரூபா. தனித்தனியாக விற்றால் பத்துக்கும் 2,720. விலையில் எட்டு டொலர் விட்டுக்கொடுத்தும் கூடுதலாகக் கிடைக்கிறது, வேலை பத்தில் ஒரு பங்குக்குக் கிட்ட.

கட்டு என்றால் கையில் வந்ததை அள்ளிப் போடுவதில்லை. சேகரிப்பவர் ஒரு தலைப்பைத் தேடுகிறவர். ‘இலங்கை முத்திரை 50’ என்பதைவிட ‘பறவைகள் பொறித்த இலங்கை முத்திரைகள்’ நன்றாகப் போகும். 1972 மே 22இல் நாட்டின் பெயர் மாறியது. அதற்கு முந்திய ‘சிலோன்’ முத்திரைகளை ஒரு கட்டாகவும் பிந்தியவற்றை இன்னொன்றாகவும் பிரியுங்கள். எங்களிடம் மட்டும் இருக்கும் ஒரு பலம், தபால் கந்தோரில் முத்திரைமேல் குத்தும் ஊர்க் குறி. மட்டக்களப்பு, கல்முனை, பொத்துவில், ஏறாவூர் என்று ஊர்ப்பெயர் தெளிவாக விழுந்த பழைய உறைகளைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். சுவிஸிலும் லண்டனிலும் கனடாவிலும் இருக்கும் எங்கள் ஆட்களும் ஊர்ப்பெயர் கண்டால் நின்று பார்ப்பார்கள். அந்த உறைகளிலிருந்து முத்திரையை நனைத்துப் பிரித்தெடுத்துவிடாதீர்கள். குறி விழுந்த முழு உறைக்குத்தான் விலை.

கட்டில் ஒன்றாவது கொஞ்சம் நல்லது இருக்கட்டும், அது முதல் படத்தில் வரட்டும். மற்றவை எல்லாம் படத்தில் தெரியவேண்டும். ஓட்டை, கிழிசல், புள்ளி இருந்தால் நெருக்கமாகப் படம் எடுத்துப் போடுங்கள். மறைத்து விற்ற ஒன்று திரும்பி வந்தால் இரண்டு பக்கத் தபாலும் உங்கள் தலையில்.

ஒன்பதாவது: ஏலத்தை வைக்கும் முறை

ஒரு டொலரில் தொடங்கினால் ஆட்கள் குவிவார்கள் என்ற பேச்சு, இருவராவது போட்டிபோடும் சாமானுக்குப் பொருந்தும். மலிவுச் சாமானுக்குப் பெரும்பாலும் ஒருவர்தான் வருவார், அவர் அந்த ஒரு டொலருக்கே கொண்டுபோவார். எனவே மேலே போட்ட கணக்கைத் தலைகீழாகப் போட்டு, நட்டமில்லாமல் விற்கக்கூடிய ஆகக் குறைந்த விலையைக் கண்டுபிடித்து, அதையே தொடக்க விலையாக வையுங்கள். அந்த விலைக்கு யாரும் வராவிட்டால் அது ஏலத்துக்கான சாமானில்லை.

ஏலம் நீங்கள் போட்ட அதே நேரத்தில்தான் 7 அல்லது 10 நாள் கழித்து முடியும். இங்கே திங்கள் காலை ஆறரை மணி என்பது நியூயோர்க்கில் ஞாயிறு இரவு, கோடைகாலத்தில் ஒன்பது மணி, குளிர்காலத்தில் எட்டு மணி. வேலைக்குப் போகமுன் போட்டுவிடலாம். இரவு நித்திரை கெடுத்துச் செய்யத் தேவையில்லை.

வென்றவர் காசு கட்டாமல் போவது அடிக்கடி நடக்கும். ஈபேயில் நான்கு நாள் பார்த்து இரத்துச் செய்யலாம், கட்டணம் திரும்பும். அடுத்த இடத்தில் நின்றவருக்கு அவர் கேட்ட விலைக்கே கொடுக்கும் வாய்ப்பும் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். மச்சானிடம் சொல்லி விலையை ஏற்றுவிக்கும் வேலை மட்டும் வேண்டாம். அது வாங்க வந்தவரை ஏமாற்றுவது, தளமும் தடைசெய்தது. கடைசியில் மச்சானே வென்றுவிட்டால் இல்லாத விற்பனைக்குக் கட்டணமும் வரும்.

பொதி வரவில்லை என்று வாங்கியவர் சொன்னால், போய்ச் சேர்ந்ததைக் காட்டும் தடங்காணல் இலக்கம் உங்களிடம் இல்லாதவரை தளம் அவர் பக்கம்தான் தீர்ப்புச் சொல்லும். சாதாரணத் தபாலில் அனுப்பி மிச்சம்பிடிப்பதா, பதிவுத்தபாலில் அனுப்பிப் பாதுகாப்பதா என்பதற்கு என் பதில்: தொலைந்தாலும் தாங்கக்கூடிய ஒற்றைத் தபாலட்டை என்றால் சாதாரணம், கட்டு என்றால் எப்போதும் பதிவு. வாங்கியவர் தன் அட்டைக் கொடுப்பனவைப் பற்றி வங்கியில் முறையிட்டு, அதில் நீங்கள் பொறுப்பு என்று முடிந்தால் 20 டொலர் தனியாக வெட்டுவார்கள். மூன்று டொலர் உறைக்காகச் சண்டை பிடிக்காமல் வேளைக்கே காசைத் திருப்பிவிடுவது மலிவு.

உள்ளூரில் விற்பவர்களுக்கு

பேஸ்புக், வட்ஸ்அப் ஏலங்களிலும் இக்மனிலும் தளக் கட்டணம் இல்லாததால் செலவே இல்லை என்று தோன்றும். இங்கே மறைந்திருக்கும் செலவு, பொதி வீட்டுக்கு வந்தபின் காசு கொடுக்கும் முறையில் இருக்கிறது. வாங்குவதாகச் சொன்னவர் போனை எடுக்காமல் விட்டால் கூரியர் பொதியைத் திருப்பிக்கொண்டுவரும், கூரியர் கட்டணம் உங்களுடையது. ஐந்நூறு ரூபாக் குற்றியில் இது ஒருமுறை நடந்தாலே அந்தக் குற்றி இனி இலாபம் தராது. ஆயிரம் ரூபாவுக்குக் கீழான சாமானுக்கு வங்கியில் காசு விழுந்தபிறகே அனுப்புவேன் என்று ஏலப் பதிவிலேயே எழுதிவிடுங்கள். காத்தான்குடியிலோ கல்முனையிலோ இருப்பவர் என்றால் நேரில் கொடுப்பதே நல்லது, கூரியரே தேவையில்லை.

பொத்துவில், அறுகம்பைப் பக்கம் இருப்பவர்கள் அலைச்சறுக்குப் பருவத்தில் வரும் வெளிநாட்டவரை மறக்கவேண்டாம். முத்திரைக் கட்டும் பழைய படத் தபாலட்டையும் அங்கே கையோடு விற்கலாம், தபாலும் இல்லை, கட்டணமும் இல்லை.

கடைசியாக: கொப்பி

ஒரு கொப்பியில் ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு வரி. திகதி, சாமான், வாங்கிய விலை, விற்ற விலை, தளக் கட்டணம், மாற்றுச் செலவு, தபால், பொதி, பயணம், செலவழித்த நேரம், கையில் மிஞ்சியது. தபால் பற்றுச்சீட்டை அதே பக்கத்தில் ஒட்டுங்கள், பொதி தொலைந்தால் முறைப்பாட்டுக்கு அதுதான் ஆதாரம். 2025 ஏப்ரல் முதல் தனிநபர் வருமான வரி விலக்கு வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா. உறை விற்று மட்டும் அந்த எல்லையை யாரும் தொடமாட்டார்கள், ஆனால் சம்பளமோ வேறு தொழிலோ இருந்தால் இந்த வருமானமும் அதோடு சேரும். அப்போது கணக்குக் காட்ட இந்தக் கொப்பி வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கடைசி நிரலைக் கூட்டி, செலவழித்த மணித்தியாலங்களால் பிரித்துப் பாருங்கள். எந்த வகைச் சாமான் மணித்தியாலத்துக்கு எவ்வளவு தருகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். மிகக் குறைவாகத் தரும் வகையை இனி வாங்காதீர்கள். மிஞ்சியிருப்பதை ஒரே பெரிய கட்டாகப் போட்டுவிடுங்கள், அல்லது முத்திரை சேர்க்கத் தொடங்கியிருக்கும் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள்.